பொம்மை எஞ்சினும் டிரையல் பேலன்ஸும்

ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்தால் நம் ஆண்களுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. எனக்கும் ஆனது.

லண்டன் போயிருந்தபோது, பழைய பொம்மை ரயில்கள் விற்கும் சந்தையில் இரண்டு நீராவி எஞ்சின்கள் வாங்கினேன். 1960-களில் செய்தவை. அசலில் 76-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் மின்சாரத்தில் ஓட வேண்டும். வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே அசையவில்லை. பத்து வயது மகன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் பி.காம். மோட்டார்தான் கோளாறு என்று முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? முதல் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மோட்டாரின் காந்தத்தையும் கழற்றித் துடைத்தேன். கடைசியில் பார்த்தால், கோளாறு சக்கர அழுக்கில்! துடைத்ததும் ஓடியது. ஆனால் ஒரே ஒரு பெட்டியை இழுக்கவே முனகியது, தொட்டால் சுட்டது. அந்தக் கால மோட்டார்களில் காந்தத்தை வெளியே எடுத்தாலே சக்தி குறைந்துவிடும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

'பரவாயில்லப்பா' என்றான் பையன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம்தான் காலேஜ் பாடம் ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், எடுத்த எடுப்பில் லெட்ஜரையா திருத்தி எழுதுவோம்? முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம் இல்லையா? எஞ்சினும் அப்படித்தாங்க. ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிற மின்சாரம், மோட்டாருக்குப் போய், எதிர்ப்பக்கச் சக்கரம் வழியாக மறு தண்டவாளத்தில் இறங்க வேண்டும். பற்று, வரவு. எங்கே நிற்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது எஞ்சினின் மேல்கூட்டை மட்டும் கழற்றினோம். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களை நேராக மோட்டாரில் வைத்தேன். திக்கித் திக்கிச் சுற்றியது. உயிர் இருக்கிறது; அதைத் தொடாதே! அடுத்து சக்கரம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு, மை மாதிரி கறுத்தது. பல்சக்கரத்தில் பழைய எண்ணெய் பிசினாகியிருந்தது. சுரண்டிவிட்டு, ஊசி முனையில் ஒரே சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அச்சில் நீளமாக ஒரு தலைமுடி. இடுக்கியால் உருவிய மகன், 'யாரோடதுப்பா?' என்றான். எந்த ஊர் அம்மாவோ, எந்த வீட்டுத் தரைவிரிப்போ!

தண்டவாளத்தில் வைத்தோம். நாலு பெட்டிகளோடு கிளம்பியது பாருங்கள்...

மூத்தது மட்டும் இன்னும் ஒற்றைப் பெட்டியோடு முனகிக்கொண்டிருக்கிறது. போன வாரம் சொன்னேன்: 'அதுக்குப் புதுக் காந்தம் கிடைக்குதாம். பிரிச்சு மாத்திடலாமா?'

அவன் அவசரமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒளித்துவைத்தான்.

'வேணாம்ப்பா. ஓடுதுல்ல?'