சாயம் போடுகிற கை

தோலுக்கு எது நல்லது என்று யோசிப்பவர்கள் கடையில் சோப்பு, கிரீம் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். பகல் முழுக்க உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பனியனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருப்பூர் ஊத்துக்குளி சாலைப் பக்கம், மண்ணரையைச் சுற்றிச் சாயப்பட்டறைகளில் நடக்கும் வேலையைக் கவனித்த பிறகு எனக்குப் படுவது இதுதான்: இயற்கையா ரசாயனமா என்ற கேள்வியே நம்மை வழிதப்ப வைக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு, எவ்வளவு நேரம், யாருடைய தோலில் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அப்படிக் கேட்டுக்கொண்டே போனால், துணியை உடுத்துகிறவரைத் தாண்டி, அதற்குச் சாயம் போடுகிறவரின் கையில் வந்து நிற்போம்.

நிட்டிங்கிலிருந்து வரும் துணி பழுப்பேறி, மெழுகும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் கலந்து, கொதிக்கிற பக்குவத்துக்கு வந்த தண்ணீரில் அதை ஓட்டி வெளுப்பார்கள். அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்த பிறகே ரியாக்டிவ் சாயம் ஏறும். அடர்நிறம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். சாயம் பருத்தியோடு பிணைவதற்குச் சோடா ஆஷ் போடும்போது தொட்டியின் பிஹெச் 11-ஐ ஒட்டி ஏறிவிடும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் அளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு. ஆறு படி என்றால் பத்து லட்சம் மடங்கு. இந்தக் காரம் தோலின் கொழுப்புப் படலத்தைக் கரைத்து, வறள வைத்து, வெடிக்க வைக்கிறது. வெடிப்பு வழியே மற்றவை உள்ளே இறங்குகின்றன. கையில் ஒட்டிய நிறத்தைப் போக்க பிளீச்சிங் பவுடரைத் தேய்த்துக் கழுவுவது சாயத்தொழிலில் பழைய பழக்கம். சாயத்தைவிட அதுவே தோலை அதிகம் கெடுக்கும்.

துணி பெட்டிக்குள் போகும்போது இந்த ரசாயனங்களில் பெரும்பகுதி அலசப்பட்டுப் போயிருக்கும். 1992-ல் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் தரச்சான்று, தோலில் நேரடியாகப் படும் துணியின் பிஹெச் 4-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது. ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாகப் பிரியக்கூடிய அசோ சாயங்களை ஜெர்மனி 1990-களின் நடுவில் விலக்கியது. இந்தியா 1997-ல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் அதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சட்டமாக்கியது. இவை பெரிய பாதுகாப்புகள். அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்த அறிவு எங்கிருந்து வந்தது? ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன், 1895-ல் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் புற்றுநோயைக் கண்டு சொன்னார். தொழிலாளியின் உடம்பில் தெரிந்த ஆபத்து நூறாண்டு கழித்து உடுத்துகிறவருக்குக் கவசமானது. அந்தக் கவசம் தொழிலாளிக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பதே என் கேள்வி.

இதற்கு முதலில் வரும் மறுப்பு: இயற்கைச் சாயத்துக்கு மாறினால் தீர்ந்ததே. கடுக்காய், மஞ்சிட்டி, மாதுளைத் தோல், அவுரி எல்லாம் அருமையான நிறங்கள்தான். ஆனால் அவற்றில் பல, நிறம் பிடிக்க ஓர் உலோக உப்பைக் கேட்கும். படிகாரம் என்றால் பயமில்லை. பொட்டாசியம் டைக்குரோமேட் என்றால் அதிலுள்ள குரோமேட், சிமென்ட் வேலைக்காரர்களின் கையில் ஒவ்வாமை உண்டாக்கும் அதே பொருள். சுண்ணாம்பு போட்ட அவுரித் தொட்டியின் காரம், சோடா ஆஷ் தொட்டிக்குச் சளைத்ததல்ல. முகத்துக்குப் பூசும் சரக்கிலும் இதே கதைதான். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகும்; பூ எண்ணெய்களின் வாசனைப் பொருட்கள் பலருக்கு அரிப்பைத் தரும். ஆகவே ‘மூலிகை’ என்ற சொல்லை நம்பி வாங்குவதைவிட, வாசனை சேர்க்காததைத் தேர்வதும், புதுத் துணியை ஒரு முறை துவைத்து உடுத்துவதும் தோலுக்கு உறுதியான பலன் தரும். ஒவ்வாமை உள்ளவர்கள் டிஸ்பர்ஸ் சாயம் ஏற்றிய அடர்நிறப் பாலியஸ்டரை ஒதுக்கலாம்.

இன்னொரு மறுப்பு பட்டறை உரிமையாளர்களுடையது: இப்போது எல்லாம் சாஃப்ட்ஃப்ளோ மெஷின், கை எங்கே படுகிறது? தொட்டியில் கைவிடும் வேலை வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் சாயப்பொடியை நிறுக்க ஆள் வேண்டும்; அந்தத் தூசி மூச்சில் போய் ஆஸ்துமா உண்டாக்குவது மருத்துவம் அறிந்த செய்தி. ஈரத்துணியை இறக்கவும், சாம்பிள் வெட்டிப் பார்க்கவும், மெஷினைக் கழுவவும் கைதான் போகிறது. கையுறை கொடுத்தாலும் போடுவதில்லை என்ற குறையையும் ஒதுக்க முடியாது. திருப்பூர் வெயிலில் ரப்பர் உறைக்குள் கை வியர்த்து ஊறும்; ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் கெடும். உள்ளே அணியப் பருத்தி உறையும், மாற்று ஜோடியும், கை கழுவ நல்ல தண்ணீரும் நேரமும் தராமல் தொழிலாளியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

திருப்பூரால் மாற முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு இந்த ஊர் வந்தது அந்த அடிக்குப் பிறகே. மண்ணரையின் பெயரிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆற்றுக்காக வாதாட நிலம் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். வெடித்த கைக்காக வாதாட வருபவர் குறைவு. ஒப்பந்தத்தில் வந்த வெளிமாநிலத் தொழிலாளி, சொறி கண்டால் ஊருக்குப் போவதையே எளிதாக நினைப்பார்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்திருந்தது. தெரிவிக்கும் கடமையைச் சிகிச்சை தரும் மருத்துவர் மீதும் வைத்தது. ரசாயனத்தால் வரும் தோல் நோய்கள் இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தன. களிம்பு எழுதித் தரும் மருத்துவர், ‘என்ன வேலை செய்யறீங்க, எந்தப் பட்டறை?’ என்று கேட்டு அதையும் சீட்டில் குறித்தால், அந்தக் கை முதல் முறையாக ஒரு பதிவேட்டில் ஏறும். வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்களும் துணியின் பிஹெச்சைக் கேட்கிற அதே தாளில் அந்தப் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.