சட்டையில் ஏறிய பெயர்கள்

உதைபந்தாட்டத்தில் எனக்குள்ள ஈடுபாடு வெறும் பார்வையாளனின் ஈடுபாடுதான். ஆயினும், பார்சிலோனாக் கழகத்தின் நீலமும் செம்மையும் கோடிட்ட சட்டைமீது எனக்கு நெடுநாளாக ஒரு மரியாதை இருந்து வந்தது. அக்கழகம் அடித்த கோல்கள் அதற்குக் காரணமல்ல. 1925 ஆம் ஆண்டில் அதன் இரசிகர்கள் ஸ்பானிய அரச கீதத்தைக் கூச்சலிட்டு எதிர்த்தமைக்காக, பிறீமோ டி றிவேராவின் சர்வாதிகார ஆட்சி அதன் மைதானத்தை ஆறு மாதங்களுக்கு மூடும்படி கட்டளையிட்டது. 1936 ஆகஸ்டில் அதன் தலைவராயிருந்த ஜொசெப் சுன்யோல் பிராங்கோவின் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கற்றலோனிய இடதுசாரிக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். பின்வந்த பிராங்கோவின் நீண்ட ஆட்சியிலே பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒடுக்கப்பட்டிருந்த தம் தாய்மொழியில் அம்மக்கள் ஒன்றுகூடி வாய்விட்டுக் கத்துவதற்கு எஞ்சியிருந்த இடங்களுள் ஒன்று அந்த மைதானம்.

ஆகவே அச்சட்டை வெறும் துணியன்று. அதன் மார்பிலே எந்த வணிகரின் பெயரையும் எழுதுவதற்கு அக்கழகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இடங்கொடுக்கவில்லை.

மற்றவர்கள் முன்னரே கொடுத்துவிட்டனர். 1973 இல் மேற்கு ஜேர்மனியின் பிறவுண்ஸ்வைக் நகரக் கழகத்தின் சட்டையிலே யேகர்மைஸ்டர் என்னும் மதுபானக் கம்பனி தன் சின்னத்தைப் பொறிக்க விரும்பிற்று. விதிகள் விளம்பரத்துக்கு இடந்தரவில்லை. கழகத்தார் என்ன செய்தனர்? தமது பழைய சின்னமாகிய சிங்கத்தை அகற்றிவிட்டு, கம்பனியின் மான்தலையையே கழகச் சின்னமாக வாக்களித்து ஏற்றுக்கொண்டனர்! 1979 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகம் ஹிற்றாச்சியின் பெயரை ஏற்றது. விளம்பரச் சட்டையணிந்த ஆட்டங்களைக் காட்ட மறுத்துவந்த பிரித்தானியத் தொலைக்காட்சியும் 1983 இல் இணங்கிவிட்டது.

பார்சிலோனாவின் கதவு வேறு விதமாகத் திறந்தது. 2006 இல் அச்சட்டையின் மார்பில் முதன்முதலாக ஒரு பெயர் தோன்றிற்று. அது யுனிசெவ். பணம் வாங்கியல்ல, ஆண்டுக்கு 15 இலட்சம் யூரோ கொடுத்து அப்பெயரைக் கழகம் அணிந்தது. உலகம் பாராட்டிற்று, நானும் வகுப்பிலே பாராட்டிப் பேசினேன். அச்செயல் நேர்மையானதென்றே இன்றும் கருதுகின்றேன். ஆனால், வெறுமையாயிருந்த மார்பில் எழுத்துகளைக் காண்பதற்கு இரசிகனின் கண் அன்றுதான் பழகிக்கொண்டது. 2010 டிசம்பரிலே ஐந்தாண்டுகளுக்கு 15 கோடி யூரோ என்ற பேரத்தில் கட்டார் மன்றம் அவ்விடத்தைப் பெற்றது. பழைய வீரரும் பயிற்றுநருமான ஜொஹான் குறைஃப், கழகம் தன் தனித்துவத்தை வரவுசெலவின் ஆறு வீதத்துக்கு விற்றுவிட்டதெனக் கண்டித்தார். அடுத்த ஆண்டு உறுப்பினர் பேரவை பேரத்தை ஏற்றது. யுனிசெவ்வின் பெயர் முதுகிலே, இலக்கத்தின் கீழே போயிற்று. 2013 இல் மன்றமும் நீங்கி, அதே நாட்டின் விமானக் கம்பனியின் பெயர் ஏறியது. பின்னர் 2017 இல் ஜப்பானிய வணிக நிறுவனம் றக்குற்றன். 2022 இல் ஸ்பொற்றிஃபை. கடைசியாக வந்தவருக்குச் சட்டை மட்டும் போதவில்லை. மைதானத்தின் பெயருக்கு முன்னேயும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த விமானக் கம்பனியின் பெயர் தாங்கிய சட்டையை 2014 இல் என் மாணவன் ஒருவன் மாலை வகுப்புக்கு அணிந்து வந்தான்.

"எங்கை தம்பி வாங்கினது?"

"அண்ணா டோகாவிலை இருந்து அனுப்பினவர், சேர். ஒறிஜினல். அவற்றை பத்து நாட் சம்பளம்."

அவன் முகத்திலிருந்த பெருமிதத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தமையன் அங்கே கட்டடத் தொழிலாளி. முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறவோ நாடு திரும்பவோ இயலாத கபாலா முறை அப்போது கட்டாரில் நடைமுறையிலிருந்தது. கடைத்தெருவில் விளம்பரப் பலகை சுமப்பவனுக்குக்கூட மாலையில் கூலி கிடைக்கும். இங்கோ சுமப்பவன் கூலியைக் கொடுத்துச் சுமக்கின்றான். கம்பனி கழகத்துக்குக் கொடுக்கும் கோடிகள் மைதானத்து இருபத்திரண்டு பேரைக் கருதியவையல்ல. இலட்சக்கணக்கான இத்தகைய மார்புகளைக் கருதியவை. கழுத்தின் உட்புறத்துச் சிறு துண்டில் தாய்லாந்து என்றிருந்தது. தைத்தவளைப் பற்றிய செய்தி அவ்வளவே. கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்து வந்த சகோதரியரை உடைய நமக்கு அத்துண்டை வாசிக்கத் தெரியும்.

பணமின்றிக் கழகம் எவ்வாறு நடக்கும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சிறு கழகங்களைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ஆயினும், சட்டையை விற்ற பதினொரு ஆண்டுகளில், 2021 ஆகஸ்டிலே பார்சிலோனாவின் தலைவர் வெளியிட்ட கடன்தொகை 135 கோடி யூரோ. வந்த பணம் வீரர்களின் விலையை ஏற்றிற்று. ஏறிய விலை மேலும் விளம்பரத்தைத் தேடிற்று.

இப்போது கம்பனிகளோடு வறிய நாடுகளின் அரசுகளும் இச்சந்தைக்கு வந்திருக்கின்றன. றுவாண்டா 2018 இல் ஆர்சனல் கழகத்தின் சட்டைக் கையில் தன் பெயரைப் பொறித்தது. பின்னர் பரிஸ், மியூனிக் கழகங்களுடனும் ஒப்பந்தஞ் செய்தது. 2025 ஜனவரியில் றுவாண்டாவின் ஆதரவு பெற்ற எம்23 படை கிழக்குக் கொங்கோவின் கோமா நகரைக் கைப்பற்றியது. இந்த ஒப்பந்தங்களைக் கைவிடும்படி கொங்கோவின் வெளிநாட்டமைச்சர் மூன்று கழகங்களுக்கும் கடிதம் எழுதினார். அவ்வாண்டு நடுப்பகுதியில் கொங்கோ அரசே மொனாக்கோ, மிலான், பார்சிலோனாக் கழகங்களுடன் தன் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. பார்சிலோனாவுக்கு மட்டும் நான்கு பருவங்களுக்கு 4 கோடி யூரோவுக்கு மேல் எனச் செய்திகள் கூறின. வீரர்களின் பயிற்சி உடையில் கொங்கோ ஆபிரிக்காவின் இதயம் என்ற வாசகம் ஏறிற்று. யுனிசெவ் இருந்த முதுகிலே, 2022 முதல், அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் பெயர் இருந்தது.