ஆறுதல் பரிசு

போன வாரம் அடுத்த வீட்டு மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பத்திரிகை. "ஆன்ட்டி, இதுல சிறுகதைப் போட்டி அறிவிச்சிருக்காங்க. நானும் எழுதலாமா? யாராவது சிரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா எழுது. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா அதுக்கு முன்னாடி என் கதையைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1983-ஆம் வருஷம். திருச்சி உறையூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். மாமியார், வாழாமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட என் பெரிய நாத்தனார், நாங்கள் இருவர், இரண்டு வாண்டுகள். கதை படிப்பதென்றால் எனக்கு உயிர். 'நானும் இப்படி எழுதினால் என்ன?' என்ற ஆசை வெகு நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் எப்போது எழுதுவது? வீட்டு வேலைக்குத்தான் முடிவே கிடையாதே!

அப்போதுதான் ஒரு பத்திரிகையில் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன். ஃபுல்ஸ்கேப் தாளில் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும், சொந்தக் கற்பனைதான் என்று உறுதிமொழி தர வேண்டும், இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று வரிசையாக நிபந்தனைகள். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தத் தேதி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. 'சும்மா ஏதோ எழுதறேன்' என்றால் வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். 'முப்பதாம் தேதிக்குள்ளே அனுப்பணும்' என்றால் அது ஒரு வேலை! மாமியாரே குழந்தைக்குச் சாதம் ஊட்டிவிட்டார்.

ராத்திரி ஸ்டவ்வைத் துடைத்து, இட்லி மாவைக் கரைத்து மூடிவிட்டு, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பத்து நாள் எழுதினேன். கடைசி நேரத்தில் இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் போட்டுவிட்டு வந்தார்.

முடிவு வெளியான இதழில் என் பெயர் இல்லை. போகட்டும் என்றால், கதையும் போயிற்று! 'கதைகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா' என்பதைச் சரியாகப் படிக்காமல், இருந்த ஒரே பிரதியை அனுப்பியிருந்தேன். என் முதல் கதை இப்போது முதல் வரி கூட எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது போட்டிக்குக் கார்பன் வைத்து எழுதினேன். அதுவும் தேறவில்லை. "ஏம்மா, இந்தத் தபால் செலவுக்கு ரெண்டு முழம் பூவாவது வாங்கி வெச்சுக்கலாமே" என்றார் இவர். தமாஷாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. 'இந்தத் தடவை பரிசு வாங்கிக் காட்டுகிறேனா இல்லையா, பார்!' என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. அந்த வைராக்கியம்தான் என்னைத் தப்புப் பண்ண வைத்தது.

பரிசு வாங்கிய கதைகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தேன். நிறையக் கதைகளில் ஒரு பெண் அழுதாள். சரி, அழவைக்க நம் வீட்டிலேயே ஒருத்தர் இருக்கிறாரே என்று நாத்தனாரைப் பிடித்தேன். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குழந்தை இல்லை என்று புருஷன் வேறு கல்யாணம் செய்துகொள்ள, இருபத்து நாலு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர். பெயரை மட்டும் மாற்றினேன். கதையில் அவரை ராத்திரி பூராவும் தலையணை நனைய அழ வைத்தேன். கடைசியில் விஷ ஜுரம் வரவழைத்துச் சாகடித்தும் விட்டேன்.

ஆறுதல் பரிசு கிடைத்தது! ஐம்பது ரூபாய் மணியார்டர். கதை, படத்தோடு வெளிவந்தது. தெருவெல்லாம் காட்டினேன். அண்ணியிடம் மட்டும் காட்டவில்லை. ஆனால் தெருவே படித்த பிறகு ஒளித்து வைக்க முடியுமா?

ஒரு மத்தியானம், தையல் மிஷின் பக்கத்தில் பத்திரிகை விரித்துக் கிடந்தது.

"கதை நல்லாத்தாம்மா எழுதியிருக்கே" என்றார் அண்ணி. "ஆனா நான் எப்ப அப்படி ராத்திரி பூரா அழுதேன்? அழறதுக்கு எனக்கு ஏது நேரம்? பொங்கலுக்கு நாப்பது ரவிக்கை தைச்சேனே, அது உன் கண்ணுல படவே இல்லையா?" சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னைச் சாகடிச்சுட்டு அம்பது ரூபா வாங்கியிருக்கே" என்றார். பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அடி வாங்கியிருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. நான் எழுதியது பொய் என்பது ஒரு பக்கம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வாழ்க்கையை எடுத்துத் தெருவில் வைத்துவிட்டேனே என்பது இன்னொரு பக்கம். மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூசினேன். நாலாம் நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தப்புத்தான் அண்ணி" என்றேன். "சரி சரி, அந்த ரவிக்கைக்கு ஹூக்கு வெச்சுக் குடு" என்றார். அவ்வளவுதான் அவர் கோபம்.

தினம் மத்தியானம் ஹூக்கு தைத்துக்கொண்டே அவரைப் பேச வைத்தேன். தையல் கற்றது, முதல் கூலியில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கியது, பழைய புருஷன் வீட்டுப் பெண்ணுக்கே கல்யாண ரவிக்கை தைத்துக் கொடுத்தது... அழுகைக்கு இடமே இல்லாத கதை! எழுதி முடித்து முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினேன். "மிஷின் சிங்கர் இல்லே, உஷா. திருத்து" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் கார்பன் பிரதியை வாங்கி மிஷின் டிராயரில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேறொரு பத்திரிகை சாதாரணக் கதையாக வெளியிட்டது. நான் எழுதியதில் இன்றைக்கும் நான் வெட்கப்படாமல் படிக்கிற கதை அதுதான்.

போட்டியே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் திருச்சிப் பக்கத்து முசிறியில் 1925-இல் பிறந்தவர் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் கல்யாணம். குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே எழுதியவர், 1950-இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றார். 1953-இல் 'பெண் குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு கிடைத்தது. 1973-இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது! ஆனால் பரிசோடு அவர் நின்றுவிடவில்லை. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுத, தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் அவர்களோடு பேசிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். நான் பக்கத்து அறைக்குக் கூடப் போய்க் கேட்கவில்லையே!

ஆகவே, எழுத நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நிபந்தனைகளை இரண்டு தடவை படியுங்கள். இத்தனை வார்த்தை என்றால் அத்தனைதான். இப்போது பெரும்பாலும் ஈமெயிலில் அனுப்புகிறோம் என்றாலும் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். முடிவு வருமுன் அதே கதையை வேறிடத்துக்கு அனுப்பாதீர்கள். நுழைவுக் கட்டணம் கேட்டால், 'புத்தகத்தில் உங்கள் கதை வரும், இத்தனை பிரதி நீங்களே வாங்க வேண்டும்' என்றால், யோசித்துச் செய்யுங்கள். கதையின் உரிமை யாருக்கு என்று கட்டாயம் பாருங்கள். அனுப்புமுன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே வாசகரும் தடுக்கி விழுவார். அனுப்பிய மறுநாளே அடுத்த கதையை ஆரம்பித்துவிடுங்கள். தபால்காரரையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சாம்பார்தான் அடிப்பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பரிசுக்காக யாரையும் அழ வைக்காதீர்கள். அவர்கள் நிஜமாகவே அழுதார்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இத்தனையும் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பெண் எழுந்தாள். "எதைப் பத்தி எழுதப் போறே?" என்றேன்.

"என் மாமியாரைப் பத்தித்தான் ஆன்ட்டி!"

"பேஷ்! எழுதி முடிச்சதும் முதல்ல அவங்ககிட்ட படிச்சுக் காட்டு."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் கலகலவென்று சிரித்தது.