பறவைகளோடு பேசிய பாட்டி

தில்லிக்கு வந்து பதினாறு வருஷமாச்சு. ஆபீசில் ஹிந்தி, இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டால்தான் ஒரு மணி நேரம் முழுசாய்த் தமிழ். இதுக்கே இவ்வளவு புலம்புகிறேன். போவா சீனியர் பாட்டியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தமானில் 'போ' மொழி பேசிய கடைசி ஆள் அவர். பதில் பேச ஆள் இல்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பாராம். மற்றவர்களோடு பேச ஹிந்தி கற்றுக்கொண்டார். 2004 சுனாமியில் தப்பியவர், 2010 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

பறவைக் கதையைச் சொன்னவர் ஜேஎன்யூவில் பேராசிரியராக இருந்த அன்விதா அப்பி. கிரேட் அந்தமானிய மொழிகளைப் பதிவுசெய்ய அந்தத் தீவுகளுக்குப் போனவர். அங்கே பலருக்கும் பாதி வார்த்தைகள் மறந்திருந்தன. நாவோ ஜூனியர் என்பவர்தான் நினைவைத் தோண்டித் தோண்டி எடுத்துக் கொடுத்தார். அவரும் 2009ல் இறந்துபோனார்.

இவர்களிடம் கேட்டுக் கேட்டு அப்பி கண்டுபிடித்த இலக்கணம் இருக்கிறதே, அபாரம்! உடம்பை ஏழு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு. பெயர்ச்சொல், வினைச்சொல் எதில் பார்த்தாலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்ம ஊர் 'தலைவாசல்', 'மலையடி' எல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது.

2012ல் அகராதி, 2013ல் இலக்கணம் வந்தன. பெரிய வேலைதான். ஆனால் அந்த டேப் ஓடிய நேரத்தில் பாட்டிக்கு எதிரே ஒருத்தர் உட்கார்ந்து கேட்டாரே, எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது.

2020 ஏப்ரலில் 'சாரே' மொழியின் கடைசி ஆளான லீச்சோவும் போய்விட்டார். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஹிந்திதான்.