ஓரத்தில் எழுதிய மறுமொழிகள்

1992ஆம் ஆண்டு, இளங்கலைத் தமிழிலக்கியம் பயின்றபோது, விடுதியில் ஓர் அறையில் நாங்கள் நால்வர் இருந்தோம். நால்வரும் தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள். பகுதி இரண்டு ஆங்கிலத் தாளில் நால்வருமே தேர்ச்சி பெற்றிருந்தோம். பெற்ற விதத்தை மறைப்பானேன்? கடையில் விற்ற வினா-விடை நூலை மனனம் செய்திருந்தோம். ரயில் பயணம் பற்றிய கட்டுரையைப் பிழையின்றி எழுதுவோம். நாங்கள் ஊரிலிருந்து வந்த ரயிலைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது.

எங்களுள் ஒருவருடைய வாப்பா ரியாத் நகரில் பணிபுரிந்து, நோயுற்றுத் திரும்பியிருந்தார். நான்கு மாத ஊதியம் நிலுவை. "காலேஜில் படிக்கிறாயே தம்பி, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதக் கூடாதா?" என்றார் உம்மா. இரவெல்லாம் விழித்திருந்தும் நண்பர் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. மறுநாள் கடைத்தெருவில் தட்டச்சு செய்வோர் ஒருவரிடம் இருபது ரூபாய் கொடுத்துக் கடிதம் பெற்றோம். நால்வரும் படித்து, நன்று என்றே அஞ்சலிட்டோம். ஒன்றரை மாதம் கழித்து வந்த மறுமொழி, வேலை எதுவும் காலியில்லை என்றது. எங்கள் கடிதம் ஊதிய நிலுவையைக் கேட்கவில்லை. மீண்டும் வேலை கேட்டிருந்தது!

செய்தி எங்கள் தமிழாசிரியரை எட்டியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. கணக்கெழுதும் நீண்ட குறிப்பேடு ஒன்றை வாங்கித் தந்தார். "நாளுக்கு ஒருவர் ஒரு பக்கம். அன்று கண்டதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மற்ற மூவரும் ஓரத்தில் ஏதேனும் கேட்க வேண்டும். பிழை திருத்தக் கூடாது" என்றார்.

மஃரிபுக்குப் பின் விடுதித் தாழ்வாரத்தில் குறிப்பேடு கைமாறும். முதற்பக்கமே விடுதி ஆணத்தைப் பற்றியது. ஆணத்திற்கு ஆங்கிலம் யாது? கறி என்பதா, கிரேவி என்பதா? மூன்று நாள் வழக்காடி, இறுதியில் ஆணத்தை ஆணமாகவே ஆங்கில எழுத்தில் எழுதினோம். ஆணத்தில் உப்பில்லை என்று எழுதியவரிடம், பிறகு ஏன் இரண்டு முறை வாங்கினீர் என்று ஓரத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு விடை எழுதவே அவருக்கு மறுபக்கம் தேவைப்பட்டது. தேர்வுத்தாளைத் திருத்துவோர் இருந்தனர். எங்களிடம் ஒன்றைக் கேட்டு, விடைக்குக் காத்திருந்தோர் அதுவரை எவருமில்லை.

குறை ஒன்றும் இருந்தது. 'நேற்றுத்தான் வந்தேன்' என்பதை, 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்றே நால்வரும் எழுதினோம். பிழையெனக் காண எங்களுள் ஒருவருமில்லை. இதற்கு வழி சொன்னவர் ஆங்கிலப் பேராசிரியர். பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளை வாக்கியந்தோறும் சிறு குறிப்பாக்கி, சில நாள் கழித்து மூலத்தைப் பாராமல் மீண்டும் எழுதி, பின்னர் ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டாராம். தன்வரலாற்றில் அவரே கூறியிருக்கிறார். தாய்மொழிக்கே அவருக்கு இத்துணை உழைப்பு! நாங்கள் 'ஹிந்து' நாளிதழின் வாசகர் கடிதங்களைக் கொண்டு அவ்வாறே செய்தோம். ஒப்பிட்ட இடமெல்லாம் 'ஏ', 'தி' என்னும் சிறுசொற்களே விடுபட்டிருந்தன. தமிழில் இல்லாத ஒன்றை எங்கள் காது எங்ஙனம் தேடும்?

ஏழு திங்கள் சென்றபின் நண்பர் மீண்டும் கடிதம் எழுத அமர்ந்தார். ஊதியம் பற்றி 'வி அக்ரீட்' என ஒரு வரி. பணம் தேவை என்பதற்கு 'வி நீட்' என மறுவரி. முதல் 'வி' கம்பெனியையும் உளப்படுத்திய 'நாம்', இரண்டாவது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று வகுப்பில் ஒப்பித்த இலக்கணம் அன்றுதான் எங்களுக்கு உயிர்பெற்றது. இறுதியில் 'வி' இரண்டையும் அடித்து, 'மை ஃபாதர்' என்று தொடங்கினார்.

கம்பெனி இகாமா எண்ணைக் கேட்டு எழுதியது. இரண்டாம் கடிதத்தை நண்பர் எங்களிடம் காட்டாமலே அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்து, குறிப்பேட்டில் தம் முறை வந்தபோது, 'தி டிராஃப்ட் ஹேஸ் கம்' என்று ஒரே வரி எழுதியிருந்தார். ஓரத்தில் மூவரும் ஒரே கேள்வியைத்தான் எழுதினோம்: 'ஹௌ மச்?'

இரண்டு மாத ஊதியம். எஞ்சியது வரவேயில்லை.