ஒரே அகல எழுத்து

பழைய தட்டெழுத்துப் பொறியின் சாயலைக் கணிப்பொறியிலும் விடாது காத்துவரும் எழுத்துருக்களுள் கூரியர் என்பது என் மனத்துக்கு மிகவும் உகந்தது. 1955ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். கம்பெனியாரின் பொறிகளுக்கென ஹவர்ட் கெட்லர் என்பார் இதனை வரைந்தார். கம்பெனியார் இதன்மீது தனியுரிமை நாடாமையால், பிறர் பொறிகளிலும், பின்னர்க் கணிப்பொறிகளிலும் இது தடையின்றிப் பரவலாயிற்று.

இதன் இலக்கணம் ஒன்றே: எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பொறியில் ஓரெழுத்தைத் தட்டியதும் தாள் ஒரு படி நகரும். அப்படியின் நீளம் எழுத்துக்கு எழுத்து மாறுவதில்லை. ஆதலின் ஒல்லியான ஆங்கில 'ஐ' எழுத்துக்குத் தலையிலும் அடியிலும் நீண்ட கோடிட்டு இடத்தை நிரப்பினர். பருத்த 'எம்' எழுத்தையோ நெருக்கி ஒடுக்கினர். பந்தியில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவான இலையிட்டது போலாம். நம் டகரத்தையும் ணகரத்தையும் அவ்வாறு அமர்த்துவதெனின் ணகரத்தின் பாடு பெரும்பாடே!

இந்நெருக்கத்தால் விளைந்த பயன்கள் சிலவல்ல. 12 புள்ளி அளவில் அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்துக்கள் அமைகின்றன. அமெரிக்கத் திரைக்கதை எழுதுவோர் இன்றும் இவ்வெழுத்தையே கையாளுகின்றனர். ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிஷம் ஓடுமென்பது அவர்கள் கணக்கு. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துவோர்க்கும், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர்க்கும் இவ்வகை எழுத்தே கண்ணுக்கு இதம். அமெரிக்க வெளிநாட்டிலாகாவோ 2004ஆம் ஆண்டில் இதனைக் கைவிட்டு டைம்ஸ் எழுத்துக்கு மாறியது.

அதே ஆண்டு செப்டம்பரில் எழுத்தின் அகலம் ஒரு வழக்கிற்கே சாட்சியாயிற்று. ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் இளமைக்காலப் படைச்சேவை குறித்துச் சி.பி.எஸ். தொலைக்காட்சியார் சில பத்திரங்களை வெளியிட்டு, அவை 1972, 1973ஆம் ஆண்டுகளில் எழுந்தவை என்றனர். கண்டோர் பலர் உடனே ஐயுற்றனர். எழுத்துக்கள் சம அகலத்தன அல்ல. இக்காலக் கணிப்பொறி எழுத்தை ஒத்திருந்தன. அகலம் மாறும் பொறிகள் அந்நாளிலும் சில இருந்தனவாயினும், பெரும்பான்மையான பொறிகள் அத்தகையன அல்ல. பன்னிரண்டே நாளில், பத்திரங்களின் உண்மைக்குத் தாம் பொறுப்பேற்க இயலாதென நிலையத்தார் அறிவித்தனர்.

இதனை அறிந்ததுமுதல், புதிய தாளுக்குப் பழமை வேடம் புனைவதில் எனக்கு விருப்பம் குன்றியது. என் நண்பரொருவர் தம் புதுமனை புகுவிழா அழைப்பிதழைத் தட்டெழுத்துச் சாயலில் அமைத்து, மை கசிந்தது போலவும் எழுத்துத் தேய்ந்தது போலவும் கறைகளை வலிந்து வரைவித்திருந்தார். எழுத்து அழகாகவே இருந்தது, கறைகளே பொய். "எழுத்து இருக்கட்டும், கறைகளை மட்டும் நீக்கிவிடலாமே" என்றேன். "கறை இன்றேல் பழமை ஏது?" என்றார் அவர். அழைப்பிதழ் கறையுடனேயே அச்சேறியது. வந்திருந்த முதியவர் ஒருவர், அச்சகத்தார் இத்துணைக் கவனக்குறைவாயிருக்கலாமா என்று என்னிடம் மெல்ல வருந்தினார்.