ரசமட்டம்

நாமக்கல் பக்கம் வந்திருக்கிறீர்களா? கோட்டை, ஆஞ்சநேயர், முட்டை, லாரி என்று நாலைச் சொல்லி ஊரை முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் ஐந்தாவதாக என் மாமாவின் ரசமட்டத்தையும் சேர்ப்பேன்.

மாமா முப்பது வருஷம் லாரி பாடி கட்டும் பட்டறையில் மரவேலை பார்த்தவர். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போனது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கண்ணை மூடிப் பலகையைப் பார்த்து, "ஒரு நூல் தூக்கலா இருக்கு, இழைச்சுப் போடு" என்பார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு நூல் தூக்கலாக இருக்கும்!

நான் பத்தாவது படிக்கும்போது தாத்தா இறந்து போனார். வீட்டு வரியை மாமா பெயருக்கு மாற்ற நகராட்சி ஆபீஸுக்குப் போனோம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நீங்கள் உங்கள் ஊரைப் போட்டுப் படித்தாலும் பொருந்தும். வாசலில் உயரமாக ஆறு படிகள். மாமா மூன்று சக்கர வண்டியில் வேப்பமரத்தடியில் நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். கையெழுத்துப் போட மாமா நேரில் வரவேண்டும் என்றார் கிளார்க். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் உடனே பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே வந்துவிட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களாண்ணே?" என்றும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கிளார்க்கைப் புகழ்ந்து தள்ளினேன். மாமா ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்...

"நல்ல மனுஷன்தான் மாப்ளே. இன்னிக்கு அவரு லீவு போட்டிருந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

1995-ல் ஒரு சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் சரிவுப்பாதை வேண்டும் என்றது. கூடவே 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டே பல ஆபீஸ்கள் பல வருஷம் ஓட்டின. 2010-ல் ஊனமுற்றோர் என்ற சொல் போய் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்தது. "பேரை மாத்திட்டாங்க, சந்தோஷம். படியை எப்ப மாத்துவாங்களாம்?" என்றார் மாமா.

2013-ல் அதே ஆபீஸில் சரிவுப்பாதை கட்டிவிட்டதாகச் சேதி வந்தது. மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். போய்ப் பார்த்தால், இரண்டடி உயரத்துக்கு ஆறடி நீளத்தில் ஒரு சிமென்ட் சறுக்கு. அதன் அடியில் நாலு பைக்குகள். மாமா பையிலிருந்து டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்தார்.

"இது மாடு ஏத்துற பலகை மாப்ளே. மனுஷன் ஏறுறதுக்கு இல்ல."

கணக்கு சின்னதுதான். ஓர் அடி உயரம் ஏற, பாதை பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல நாடுகளில் இதுதான் அளவு. இரண்டடி உயரத்துக்கு இருபத்துநாலு அடி. மாமா அதை வெள்ளைத்தாளில் படம் போட்டு, நடுவில் திரும்பி மூச்சுவிட ஒரு சமதளமும் வரைந்து, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்தார். மூன்று மனு, ஒன்றரை வருஷம்... ஒருவழியாக 'ட' மாதிரி திரும்பும் புதுப்பாதை வந்தது.

ஒருநாள் சாயங்காலம் மாமா என் முன்னால் ஒரு ரசீதை வைத்தார். வீட்டு வரி ரசீது.

"யாரு மாமா கூட வந்தாங்க?"

"யாரும் வரல."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைப் பார்க்கணுமே!

இன்னொரு வேடிக்கை. அந்த ஆபீஸில் இப்போது படியில் ஏறுகிறவர்கள் குறைவு. பென்ஷன் விஷயமாக வரும் பாட்டி, பிள்ளைத்தாய்ச்சிப் பெண், முழங்கால் வலிக்காரர் எல்லோரும் மாமாவின் பாதையில்தான் ஏறுகிறார்கள்.

2016-ல் வந்த சட்டம் இதைச் சலுகையாக இல்லாமல் உரிமையாகச் சொன்னது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இந்த அளவுகளை வெறும் ஆலோசனையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்றது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு மெரினா சாட்சி. 2022-ல் சென்னை மாநகராட்சி மணல் மேல் 263 மீட்டருக்கு மரப்பலகைப் பாதை போட்டது. திறந்து சில நாளிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். மாமாவைக் கூட்டிப்போனேன். கடலைப் பார்ப்பதற்கு முன் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். "பரவால்ல" என்றார். மரவேலைக்காரர் வாயில் அது பெரிய சர்டிஃபிகேட்!

2025 ஏப்ரலில் சட்டசபையில் இன்னொன்று நடந்தது. நகராட்சி, மாநகராட்சி மன்றங்களிலும் ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக உட்காரச் சட்டத்திருத்தம் நிறைவேறியது. இனி மரத்தடியில் நின்று மனு எழுத வேண்டாம், உள்ளே உட்கார்ந்தே கேட்கலாம் என்று குஷியாகப் பேப்பரை நீட்டினேன்.

அடுத்த தடவை வரி கட்டவோ பிறப்புச் சான்றிதழ் வாங்கவோ போகும்போது, நீங்களும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று படிகளை எண்ணிப் பாருங்கள். மாமா அதைத்தான் செய்தார். செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப நல்லது மாப்ளே. மன்றக் கூட்டம் எத்தனாவது மாடியில நடக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கை ரசமட்டத்தைத் தேட ஆரம்பித்திருந்தது.